சில்லுப் பூட்டின வீடுகள்

ரெயிலர் என்று சொன்னால் எங்கட ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரக்ரர் பெட்டிதான். நெல்லு மூட்டை, விறகு, கல்லு, மண், கலியாண வீட்டுக்குக் கதிரை, செத்த வீட்டுக்குப் பந்தல் தடி, கடைசியில் இடம்பெயர்கிற போது முழுக் குடும்பமும். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கிறது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணித் தொட்டி, மடக்கு மேசை, உடுப்பு அலுமாரி எல்லாம் இருக்கும். விடுமுறைக்குப் போகிறவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். போக வேறு இடம் இல்லாதவர்கள் அதிலேயே இருந்து விடுவார்கள்.

இந்த இரண்டாவது வசனத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சன்னிவேலில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்) 1962ஆம் ஆண்டு ரெயிலர் ஒன்றைக் கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஒரு தோட்டக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து வாங்கி வந்தார். 13 அடி நீளம். பக்கத்திலிருந்து பார்த்தால் படுக்க வைத்த இறைச்சி ரின் மாதிரி இருக்கும். இங்கே இந்த வடிவத்தை ‘கான்ட் ஹாம்’ என்றுதான் சொல்லுவார்கள். கொம்பனிப் பெயர்த் தகடு எப்போதோ கழன்று போய்விட்டது. பதிவுக் காகிதத்தில் வருடம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், வேலையிலிருந்தும் ஓய்வு, இனி அக்காவோடு ஊர் சுற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆறு மாதமாகச் சனி ஞாயிறுகளில் நானும் போய் அவரோடு பலகை பிடித்துக் கொடுக்கிறேன். அந்தச் சாட்டில் இதன் சரித்திரத்தையும் தேடி வாசித்தேன். தேடத் தேட அது எங்கட சரித்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பறக்கிறதைச் செய்தவன் செய்த வீடு

1927இல் லின்ட்பேர்க் அத்திலாந்திக்கைத் தனியே பறந்து கடந்த விமானம் சான்டியாகோவில் றயன் என்ற கொம்பனியில் செய்யப்பட்டது. அதன் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவர் ஹோலி போலஸ். மிதவை விமானங்களில் விண்ணன். அவர் 1934இல் அலுமினியத்தில் ஒரு ரெயிலர் செய்தார். விமானத்தின் உடம்பை எப்படி மெல்லிய தகட்டை வளைத்து றிவிற் அடித்துச் செய்வார்களோ அப்படியே. பாரம் குறைவு, பலம் கூட. ஆனால் வாசல் முன்பக்கம், காரோடு கொழுவுகிற இடத்துக்கு மேலே இருந்தது. வீட்டுக்குள் போவதென்றால் கொழுவிக்கு மேலால் ஏற வேண்டும்.

வியாபாரம் சரிவரவில்லை. அப்போது உள்ளே வந்தவர் வோலி பையம். லொஸ் ஏஞ்சல்ஸ்காரர். முதலில் ரெயிலர் செய்வது எப்படி என்று வரைபடம் விற்றவர், பிறகு ரெயிலரே செய்து விற்றவர். போலஸின் வடிவத்தை எடுத்து, வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் ‘கிளிப்பர்’ என்ற பெயரில் வெளியிட்டார். விலை 1,200 டொலர். நாலு பேர் படுக்கலாம், சாப்பாட்டு மேசையை மடித்தால் கட்டில், மின்விளக்கு, சொந்தத் தண்ணித் தாங்கி. இதுதான் இன்றும் பெருந்தெருவில் வெள்ளிக் குளிசை மாதிரி மினுங்கிக்கொண்டு போகிற எயர்ஸ்ரீம்.

1936இல் 1,200 டொலர் என்பது சின்னக் காசில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலம். அதே 1936இல், அதே கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்பீல்ட்டுக்குக் கிட்ட ஆர்வின் என்ற இடத்தில் மத்திய அரசு ஒரு முகாமை நடத்திக்கொண்டிருந்தது. ஒக்லஹோமா பக்கம் மண் புழுதியாகப் பறந்து, வங்கி காணியை எடுத்து, பழைய காரிலும் தாங்களே பலகை அடித்த பெட்டிகளிலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்த கமக்காரர்களுக்கான முகாம். ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய ‘த கிரேப்ஸ் ஒவ் றாத்’ நாவலில் வருகிற அரசாங்க முகாமுக்கு இதுதான் மாதிரி. பழைய கட்டடங்கள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன.

ஆக, பிறந்த காலத்திலேயே சில்லுப் பூட்டின வீட்டுக்கு இரண்டு முகம். ஒன்று பொழுதுபோக்கு. மற்றது ஓட்டம். உள்ளே அதே அடுப்பு, அதே கட்டில்தான். வெளியே நிற்கிறவன் பார்க்கிற பார்வைதான் வேறு. ஒருவனைப் ‘பயணி’ என்றான், மற்றவனை ‘ஓக்கி’ என்று பழித்தான். அகதியாக ஒரு எல்லையிலாவது நின்றவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உள்ளே திருத்துவதென்றால்

இனிக் கொஞ்சம் தச்சு வேலை. விருப்பமில்லாதவர்கள் அடுத்த பகுதிக்குப் பாயலாம். ஆனால் இதை வாசித்தால்தான் பிறகு சொல்லப்போவது விளங்கும்.

எங்கட ஊரில் வீடு கட்டினால் அத்திவாரம், சுவர், கூரை, பிறகுதான் உள்ளே அலுமாரி. இந்த ‘ஹாம்’ ரெயிலர்களைக் கட்டின முறை நேர் எதிர். முதலில் இரும்புச் சட்டம், அதன்மேல் தரைப் பலகை. பிறகு எட்டிலொரு அங்குலத் தடிப்பு பேர்ச் பிளைவூட்டில் உள்சுவர். அதன் முதுகில் மெல்லிய மரச் சட்டங்கள். அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, சுவருக்கு வெளியே நின்று ஸ்குறூ அடித்து இறுக்குவார்கள். பிறகு சட்டங்களுக்கு நடுவே மின்கம்பி, கண்ணாடிப் பஞ்சு. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் வெளி அலுமினியத் தகடு, சட்டை போட்ட மாதிரி.

அதனால் உள்ளே ஒரு அலுமாரியை ஒழுங்காகக் கழற்ற வேண்டுமென்றால்கூட வெளித் தோலை உரிக்க வேண்டும். அந்த ஸ்குறூவின் தலை அங்கேதான் இருக்கிறது. கன பேர் இது தெரியாமல் உள்ளே நின்று இழுத்துப் பலகையைப் பிளந்து விடுகிறார்கள். அண்ணை அதில் பொறுமைசாலி. முதல் மூன்று கிழமையும் அவர் செய்தது படம் எடுத்ததும், ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் எழுதினதும்தான்.

எயர்ஸ்ரீமில் கதை வேறு. அதற்கு உள்ளேயும் ஒரு அலுமினியத் தோல். உள்றிவிற்றுகளைத் துளைத்து எடுத்து உட்தோலைக் கழற்றினால் பஞ்சும் எலிக்கூடும் தெரியும். வெளித்தோலைத் தொடத் தேவையில்லை. ஆனால் பின்பக்கத் தரைப் பலகை தண்ணி குடித்து உக்கிப் போயிருந்தால் முழு உடம்பையுமே சட்டத்திலிருந்து தூக்க வேண்டி வரும்.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான். தண்ணி. யன்னல் ஓரம், கூரைக் காற்றுவழி, மூலைத் தகடு எல்லாவற்றுக்கும் கீழே ஒருவிதக் களிம்பு வைத்திருப்பார்கள். இருபது முப்பது வருடத்தில் அது காய்ந்து வெடித்துவிடும். மழை உள்ளே போகும். வெளியே தகடு மினுங்கும், உள்ளே சட்டம் புகையிலைத் தூள் மாதிரிக் கொட்டும். சுவரில் கறுப்பாக ஒரு நிழல் படிந்திருந்தால் அதன் பின்னால் மரம் இல்லை என்று அர்த்தம். ஆகவே முதல் விதி: ஒழுக்கை நிறுத்தாமல் உள்ளே ஒரு பலகைகூட மாற்றாதே. இரண்டாவது விதி: பழைய பலகை எவ்வளவு உக்கியிருந்தாலும் எறியாதே, அதுதான் புதுப் பலகை வெட்டுவதற்கு அச்சு. மூன்றாவது: பழைய தரை ஓட்டில் கல்நார் இருக்கலாம், பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் உரஞ்சாதே.

சுவரின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ரெயிலர்களுக்குள் தேன் நிறத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். கன ரெயிலர்களில் அது செலாக். செலாக் என்றால் வேறொன்றுமில்லை, அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கொப்பில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிறதைச் சுரண்டி, உருக்கித் தட்டையாக்கி, கப்பலேற்றினார்கள். அதைச் சாராயத்தில் (குடிக்கிறதில்லை!) கரைத்துப் பூசுவார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய கதிரை மேசைக்கு ஆசாரி பொலிஷ் அடித்ததும் இதே சாமான்தான். அரக்கு மாளிகையில் பாண்டவர்களைக் குடியிருத்தின கதையைச் சொன்னபோது அண்ணை சிரித்தார். “அப்ப இதுக்குள்ள காஸ் அடுப்பு வேண்டாம் தம்பி” என்றார்.

இப்படிக் கழற்றிப் பூட்டுகிற வேலை எங்கட ஆட்களுக்குப் புதிதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் எப்படி ஓடின என்று உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டி, பாட்ஸ் இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து... இங்கே அதை ‘வின்ரேஜ் றெஸ்ரோறேசன்’ என்று பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அங்கே வேறு வழியில்லை என்று செய்தார்கள்.

அலுமாரிக் கதவுக்குப் பின்னால்

உடுப்பு அலுமாரியின் கதவை உள்பக்கம் திருப்பினபோதுதான் பிரச்சினை தொடங்கினது. முழுக்கப் பென்சில் கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுகிற கணக்கு. வரிசை வரிசையாக. பக்கத்தில் ஸ்பானிய மொழியில் கிழமை நாட்கள். மேலே ஒரு இடத்தில் ‘யூலை 1971’. பெட்டிக்கணக்கு என்று பார்த்த உடனே விளங்கினது. பழம் ஆய்கிறவர்களுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளியின் கணக்கு ஒரு பக்கம் இருக்கும், தன்னுடைய கணக்கை இவர் இந்தக் கதவில் வைத்திருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றுகிற நேரத்தில் கோடு போட்டிருப்பார் போல.

1962இல் விடுமுறைக்கென்று விற்ற சாமான், பத்து வருடத்துக்குள் ஒரு தோட்டத் தொழிலாளியின் வீடாகிவிட்டது.

சன்னிவேலில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிற போது வேறு மாதிரி இருக்கும். இன்றைக்குச் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று சொல்கிற இந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் ஏப்ரிகொற், செறி, புறூன் தோட்டம். லிபி கொம்பனியின் பெரிய பழ ரின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அதன் தண்ணித் தாங்கியை மட்டும் பழ ரின் மாதிரிப் பெயின்ர் அடித்து இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள். நகரசபை ஒரு ஏப்ரிகொற் தோட்டத்தையும் பூங்காவாகக் காப்பாற்றுகிறது. மரத்தையும் தாங்கியையும் காப்பாற்றியிருக்கிறார்கள். பழம் ஆய்ந்தவன் படுத்த இடத்தை யார் காப்பாற்றினார்கள்?

நான் அண்ணையிடம் சொன்னேன், இந்தக் கதவை இப்படியே விடுவோம் என்று.

“விசரே உமக்கு? நான் ஆசைப்பட்டு வாங்கினது. 62ஆம் ஆண்டு கடையில நிண்ட மாதிரி வேணும். புதுப் பேர்ச் போடுவம்.”

“இதுவும் அதின்ர சரித்திரம்தானே அண்ணை.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, நான் மண்டபத்தில ஆறு வருசம் இருந்தனான். சுவரில கோடு போட்டு நாள் எண்ணினனான். அந்தக் கோலத்தைத் திருப்பி என்ர வீட்டுக்குள்ள கொண்டு வராதையும்.”

அதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் கதைக்கவில்லை.

முகாமிலிருந்து வந்தவர்களுக்கும் ரெயிலர்தான்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அலுமினியம் முழுக்க விமானத்துக்குப் போய்விட்டது. ஆனால் ரெயிலர் நிற்கவில்லை. போர்த் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த தொழிலாளர்களுக்காக அரசாங்கம் பல்லாயிரக்கணக்கில் வாங்கினது. மரமும் அழுத்தின அட்டையும் கொண்டு செய்தவை.

1942இல் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களைப் பிடித்து முள்ளுக்கம்பி முகாம்களுக்கு அனுப்பினார்கள். எங்கட சன்ரா கிளாறா மாவட்டத்துக் கமக்காரர்களில் பலர் வயோமிங்கில் ஹாட் மவுண்டன் முகாமுக்குப் போனார்கள். போர் முடிந்து 1945இல் வெளியே விட்டபோது கனபேருக்கு வீடில்லை, காணியில்லை. லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் பேர்பாங்க் என்ற இடத்தில் வினோனா ரெயிலர் முகாம் என்று ஒன்று வைத்து, 1946இலிருந்து குடும்பங்களை அதற்குள் இருத்தினார்கள். பொதுக் குளியலறை, பொதுக் கழிப்பறை. முகாமிலிருந்து விடுதலையானவனுக்கு இன்னொரு முகாம், இந்த முறை சில்லோடு. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் வருடக்கணக்கில் ரெயிலரிலேயே இருந்தவர்களும் உண்டு.

‘தற்காலிகம்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று அகதியைத்தான் கேட்க வேண்டும்.

சந்திரனுக்குப் போனவர்களைப் பூட்டி வைத்த பெட்டி

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1969 யூலை 24. அப்பொலோ 11 பசிபிக் கடலில் விழுந்தது. ஆம்ஸ்ரோங், ஒல்ட்றின், கொலின்ஸ் மூன்று பேரையும் ஹோர்னெற் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஏற்றினது. ஏற்றின உடனே ஒரு ரெயிலருக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சந்திரனிலிருந்து ஏதாவது கிருமி வந்திருந்தால்? அதற்காக 21 நாள் ஒதுக்கம். ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று, பின்யன்னல் கண்ணாடிக்குள்ளால்தான் அவர்களோடு கதைத்தார்.

அந்தப் பெட்டி எயர்ஸ்ரீம் ரெயிலரை மாற்றிச் செய்தது. சில்லைக் கழற்றி, 35 அடி நீளத்தில், உள்ளே காற்றழுத்தத்தை வெளியை விடக் குறைத்து வைத்திருந்தார்கள். ஓட்டை வந்தாலும் வெளிக்காற்று உள்ளே வரும், உட்காற்று வெளியே போகாது. மூன்று விண்வெளி வீரரோடு ஒரு வைத்தியரும் ஜோன் ஹிராசாக்கி என்ற பொறியியலாளரும் உள்ளே இருந்தார்கள். அப்படியே கப்பலிலிருந்து விமானத்துக்கு, விமானத்திலிருந்து ஹூஸ்ரனுக்கு. நடுவில் ஹவாயில் சுங்கப் பத்திரமும் நிரப்பப்பட்டது. கொண்டு வந்த சாமான்: சந்திரக் கல்லு, சந்திரத் தூசு! விமான நிலையத்தில் பத்திரம் நிரப்பிக் கை நடுங்கின எங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

நாலு பெட்டி செய்தார்கள். அப்பொலோ 14க்குப் பிறகு, கிருமி ஒன்றுமில்லை என்று தெரிந்து அந்த ஒதுக்கத்தையே விட்டுவிட்டார்கள். 14ஆவது பயணத்தில் பாவித்த பெட்டி சன்னிவேலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய அலமேடாவில் இருக்கிறது. ஹோர்னெற் கப்பல் இப்போது அங்கே அருங்காட்சியகம். அந்தப் பயணம் 1971இல். அண்ணையின் அலுமாரிக் கதவில் கோடு விழுந்த அதே வருடம்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் முகாம் 1983இல் எங்களுக்காகக் கட்டப்பட்டதில்லை. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களைக் கப்பலேற்ற முன்னர் தொற்றுநோய்த் தடுப்புக்கென்று அடைத்து வைத்துச் சோதித்த இடம் அது. தோட்டத்துக்குப் போகிற தமிழன் வாந்திபேதியும் அம்மையும் கொண்டு போய்விடக் கூடாது என்ற பயம். 1964க்குப் பிறகு, அதே தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இறங்கின இடமும் அது. 1983க்குப் பிறகு நாங்கள். 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது படகில் வந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள்.

சந்திரனிலிருந்து வந்தவர்களுக்கு 21 நாள். ஜனாதிபதி யன்னலில் வந்து நின்றார். அண்ணைக்கு ஆறு வருடம்.

அதே வருடத்தில் இரண்டு பயணம்

வோலி பையத்துக்கு ரெயிலர் விற்பது மட்டும் போதவில்லை. 1951இலிருந்து வாங்கினவர்களையெல்லாம் சேர்த்துக் கூட்டமாக நாடு நாடாகப் போனார். 1959இல் 41 ரெயிலர்கள் ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டன. அவர் 1962இல் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. 1963இல் சிங்கப்பூரில் தொடங்கின உலகப் பயணம், ஆசியா கடந்து, இந்தியாவையும் கடந்து, 1964இல் லிஸ்பனில் முடிந்தது. கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு. எல்லைகள் திறந்தன.

அதே 1964, ஒக்ரோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 975,000 மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். போகிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களிடம் சில்லுப் பூட்டின வீடும் இல்லை. தகரப் பெட்டி மட்டும்தான்.

இதே ஒக்ரோபர் 30ஆம் திகதிதான் 1995இல் வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் ஒரே இரவில் நடந்தது. பிறகு வன்னியில் 2008, 2009இல் சனம் வீட்டையே கழற்றி ஏற்றினது. கதவு, யன்னல், கூரைத் தகரம், ஓடு எல்லாம் ரக்ரர் பெட்டியில். அடுத்த இடத்தில் இறக்கிக் கட்டலாம் என்ற நம்பிக்கை. கிளிநொச்சி 2009 ஜனவரி 2இல் விழுந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெட்டியில் ஒரு சாமான் குறைந்தது. கடைசியில் பெட்டியும் இல்லை. அந்த ரக்ரர் பெட்டிகளை ஒருவரும் திருத்தி அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை.

இன்றும்

2005 ஓகஸ்டில் கத்றீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸை அடித்தபோது அரசாங்கம் வீடிழந்தவர்களுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட ரெயிலர்களையும் நகரும் வீடுகளையும் கொடுத்தது. இருந்தவர்களுக்கு மூச்சு முட்டினது, கண் எரிந்தது. மலிவான அழுத்தப் பலகையின் பசையிலிருந்து போர்மல்டிகைட் வாயு வந்தது. 2008இல் அரசு 519 ரெயிலர்களைச் சோதித்து, சராசரி நூறு கோடியில் 77 பங்கு என்று சொன்னது. சாதாரண வீட்டுக் காற்றில் இருப்பதை விட அது பல மடங்கு. இரண்டு வருடம் கழித்து அதே ரெயிலர்கள் ஏலத்தில் போயின. உள்ளே இருப்பது யார் என்பதைப் பொறுத்துத்தான் உட்பலகையின் தரமும் போலிருக்கிறது.

எங்கட பக்கத்து நகரம் மவுண்டன் வியூ. உலகத்தின் மிகப் பெரிய கொம்பனிகளில் ஒன்றுக்குத் தலைமையகம். அங்கே வாடகை கட்ட முடியாமல் ரெயிலரிலும் மோட்டர் வீட்டிலும் தெருவோரம் இருக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில். சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளி, கட்டட வேலைக்காரர். 2020 நவம்பரில் ஒடுங்கின தெருக்களில் பெரிய வாகனம் நிறுத்தக் கூடாது என்று வாக்கெடுப்பில் சட்டம் கொண்டு வந்தார்கள். வழக்கு நடந்து, 2022இல் இணக்கம் வந்தது. தடை இருக்கும், ஆனால் சில தெருக்களில் நிறுத்த இடம் விடப்படும் என்ற மாதிரி. அங்கே தெருவில் நிற்கிற ரெயிலர் அசிங்கம். அண்ணையின் வாசலில் நிற்கிற ரெயிலரைப் பார்த்து நாயோடு நடக்கிறவர்கள் நின்று, “வடிவாயிருக்கு” என்று சொல்லிப் போகிறார்கள். இரண்டும் ஒரே பலகை, ஒரே தகடு.

எந்த வருடத்துக்குத் திருத்துவது

பழைய சாமான் திருத்துகிறவர்கள் எல்லோரும் ‘ஒறிஜினல்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒறிஜினல் கைப்பிடி, ஒறிஜினல் அடுப்பு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள்தான் அவர்களுக்கு உண்மை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊத்தை. வீடு வேறு, கடையில் நின்ற சாமான் வேறு. ஒருவன் படுத்து எழும்பி, சமைத்து, கணக்கெழுதின பிறகுதான் அது வீடு. அதை உரஞ்சி எடுத்தால் மிஞ்சுவது விற்பனைக் காட்சிப் பொருள்.

அதே நேரம் அண்ணையின் பக்கத்தையும் தள்ளிவிட முடியாது. துன்பப்பட்டவனின் கோட்டை வடிவு என்று ரசிக்கிறது, துன்பப்படாதவனுக்கு இலேசு. மண்டபத்துச் சுவரில் கோடு போட்ட மனிசனிடம் போய், இதைச் சட்டம் போட்டு மாட்டுங்கோ என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? மறக்கிறதுக்கும் அகதிக்கு உரிமை உண்டு.

ஹோர்னெற் கப்பலுக்கு இரண்டு பேருமாகப் போனோம். அந்தப் பெட்டியின் பின்யன்னலுக்கு முன்னால் அண்ணை கன நேரம் நின்றார். “இவங்களையும் உள்ளதான் போட்டு வைச்சிருக்கிறாங்கள். ஆனா எவ்வளவு பவுத்திரமாப் பெட்டியை வைச்சிருக்கிறாங்கள் பார்” என்றார். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

உட்சுவர்களில் முக்கால்வாசி உக்கியிருந்தபடியால் புதுப் பேர்ச்தான் போட்டோம். அதில் கருத்து வேறுபாடில்லை. தரை முழுக்கப் புதிது. அலுமாரிக் கதவு உக்கவில்லை. போன கிழமை நான் போனபோது அண்ணை அதை மேசையில் படுக்க வைத்து, உள்பக்கத்துக்கு அரக்குப் பூசிக்கொண்டிருந்தார். பென்சிலுக்கு மேலே மெல்லிசாக, தூரிகையை ஒரு பக்கம் மட்டும் இழுத்து. அரக்கு காய்ந்தால் பென்சில் கோடு இனி அழியாது. வெளிப்பக்கம் 62ஆம் ஆண்டு. கதவைத் திறந்தால் 71.

“அக்கா சொன்னவ, கிடக்கட்டும் எண்டு” என்றார். யார் சொன்னால் என்ன.

உங்களில் யாராவது இப்படிப் பழைய சாமான் ஏதாவது திருத்துகிறீர்கள் என்றால், ரெயிலரோ, ஊரிலிருந்து வந்த தையல் மெசினோ, அப்பாவின் சைக்கிளோ, உரஞ்ச முன்னர் ஒருக்கா உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். படம் எடுங்கள். பிறகு வைத்திருக்கிறதா அழிக்கிறதா என்று நீங்கள் முடிவெடுக்கலாம். என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், அவ்வளவுதான்.